ஏரி நிறைந்தால் போதுமா?

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், சென்னைப் பட்டணத்து வீடுகளில் பத்திரிகை படிக்கும் முறையே மாறிப் போகிறது. மற்ற நாட்களில் தலைப்புகளை மட்டும் மேலாகப் பார்த்துவிட்டு ஏட்டை மடித்து வைத்துவிடுகிறவர்கள்கூட, அந்த நாட்களில் ஒரு மூலையில் அச்சாகும் சின்னஞ்சிறு பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளின் நீர்மட்டம் நேற்று எத்தனை அடி, இன்று எத்தனை அடி என்பதுதான் அந்தப் பட்டியல்.

"செம்பரம்பாக்கத்தில் ஓர் அடி ஏறியிருக்கிறது" என்று தாத்தா உரக்க வாசிக்கிறார்.

"அப்பாடா! வருகிற கோடைக்குப் பயமில்லை" என்று பாட்டி ஆறுதல் கொள்கிறாள்.

நான்கு நாள் விடாமல் கொட்டுகிறது. மறுபடியும் பட்டியல் வாசிக்கப்படுகிறது. "நிரம்புவதற்கு இன்னும் இரண்டே அடிதான் பாக்கி!" என்கிறார் தாத்தா. இப்போது பாட்டியின் முகத்தில் ஆறுதலைக் காணோம். "திறந்துவிடப் போகிறார்களா? அடையாற்றங்கரையில் இருக்கும் நம் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டாமா?" என்று கேட்கிறாள்.

ஏரி ஒன்றேதான், பட்டியலும் ஒன்றேதான். ஏறினால் மகிழ்ச்சி, இன்னும் கொஞ்சம் ஏறினால் அச்சம். இந்த மகிழ்ச்சிக்கும் அச்சத்துக்கும் நடுவே இருப்பது எத்தனை அடி? அந்த இடைவெளியை நிர்ணயிப்பது மழையா, மனிதர்களா? இதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது, பட்டியல் படிக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் பயன் தரும் என்று நாம் கருதுகிறோம்.

மழை ஒரு கணக்கு, ஏரி ஒரு கணக்கு

முதலில் மழையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மைல் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் தண்ணீர் ஏறக்குறைய 23 லட்சம் கன அடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெருக்கிப் பார்த்து இதைச் சரி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் விழுந்த தண்ணீர் எல்லாம் ஏரிக்கு வந்துவிடுவதில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் பூமி முதல் மழையைத் தானே குடித்துவிடுகிறது. அதன் தாகம் தீர்ந்த பிறகு வயல்கள் வாங்கிக்கொள்கின்றன. பிறகு குட்டைகளும் தாங்கல்களும் சிற்றேரிகளும் தங்கள் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் பருவத்தின் ஆரம்பத்தில் தெருவெல்லாம் வெள்ளமாக ஓடினாலும், மறுநாள் பட்டியலில் பெரிய ஏரி அசைந்து கொடுப்பதில்லை. "இவ்வளவு மழை பெய்தும் ஓர் அங்குலம்கூட ஏறவில்லையே!" என்று நாம் வியக்கிறோம்.

பருவத்தின் நடுவிலே நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மண் ஊறிவிட்டது, வயல் நிறைந்துவிட்டது, மேலே இருக்கும் நூறு சிற்றேரிகளும் தளும்பி நிற்கின்றன. இப்போது விழும் மழைக்குத் தங்குவதற்கு இடமே கிடையாது. விழுந்தது விழுந்தபடியே ஓடி வருகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சிற்றேரியின் கலங்கலும் வழிந்து, அந்த உபரியும் கூடச் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசியில் பெய்தபோது ஏரியை எட்டியே பார்க்காத அதே அளவு மழை, கார்த்திகையில் பெய்யும்போது ஏரியை மூச்சுத் திணற அடிக்கிறது. ஆகையால், "எத்தனை அங்குலம் பெய்தது?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எதன் மேல் பெய்தது?" என்றும் கேட்கவேண்டும்.

முறத்தின் கணக்கு

இனி ஏரியின் கணக்கு. நம் நாட்டு ஏரியின் அமைப்பை அறிய விரும்புகிறவர்கள் சமையலறைக்குப் போய் ஒரு முறத்தை எடுத்துப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் உயர்ந்த விளிம்பு, அதுதான் ஏரிக்கரை. எதிர்ப்பக்கம் வரவரச் சரிந்து தரையோடு கலந்துவிடுகிறது. அதுதான் நீர் வந்து சேரும் பக்கம். இந்த முறத்தில் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓர் அங்குலம் நின்றால் விளிம்போரத்தில் ஒரு கோடுபோல் தெரியும். மேலே ஏற ஏற அது அகன்று பரவும். அடியில் ஓர் அங்குலத்துக்கு ஒரு ஆழாக்கு போதும் என்றால், மேலே ஓர் அங்குலத்துக்கு ஒரு படி வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்குப்படி, உயரத்தில் பாதி நிறைந்த ஏரியில் கொள்ளளவில் பாதி இருக்காது. கால் பங்குதான் இருக்கும். பட்டியலில் "24 அடியில் 12 அடி" என்று படித்துவிட்டு, "பாதி ஏரி நிறைந்துவிட்டது" என்று மகிழ்ந்து போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒவ்வோர் ஏரியின் அடித்தளமும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் கணக்குச் சிறிது முன்பின்னாகலாம், தத்துவம் மாறாது.

செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மில்லியன் என்பது பத்து லட்சம். 22 அடி நின்றால் பாக்கி இரண்டே அடி. ஆனால் முறத்தின் கணக்குப்படி அந்த இரண்டு அடிக்குள் அடங்குவது முழு ஏரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 580 மில்லியன் கன அடி. "அடேயப்பா, இவ்வளவு இடமா?" என்று தோன்றும். வினாடிக்கு 29,000 கன அடி வீதம் வெள்ளம் உள்ளே புகுந்தால், இவ்வளவு இடமும் நிரம்புவதற்கு ஆறு மணி நேரங்கூட ஆகாது. மாலையில் காப்பி குடிக்கும்போது "இரண்டு அடி பாக்கி இருக்கிறது" என்று நிம்மதியாகப் பேசிக்கொண்டவர்கள், நள்ளிரவில் அந்த நிம்மதியை இழந்திருப்பார்கள்.

29,000 என்னும் எண்ணை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. சென்னைவாசிகள் மறக்க முடியாத எண் அது.

நான்கு வருஷத்துக்குள் இரண்டு கண்ணீர்

2015-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். மண்ணும் குளமும் சிற்றேரியும் பேரேரியும் குடிக்கக்கூடியதெல்லாம் குடித்துவிட்டன. அந்த நிலையில் டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டித் தீர்த்தது. 47 சென்டிமீட்டர் என்றால் பதினெட்டரை அங்குலம். நாம் முன்னே சொன்ன கணக்கில் பெருக்கிப் பாருங்கள்: ஒரு சதுர மைலுக்கு 43 மில்லியன் கன அடி ஆகிறது. இப்படிப்பட்ட மழை 85 சதுர மைல் நிலத்தில் பெய்து, ஒரு சொட்டும் வீணாகாமல் ஓடி வந்தால், வறண்டு கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரிகூட ஒரே நாளில் நிரம்பிவிடும். அன்றைக்கோ அந்த ஏரி முன்பே பெரும்பாலும் நிரம்பியிருந்தது.

அன்றிரவு மதகுகள் வழியாக வினாடிக்கு 29,000 கன அடி வரை ஜலம் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் அடையாற்றில் சேர்ந்தது. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரியும், பட்டணத்தின் மேலேயே பெய்த மழையும் அதனுடன் கூடிக்கொண்டன. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜனங்கள் தூங்கி விழித்தபோது வீட்டுக்குள் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலையம் நீரில் மூழ்கிச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 1878-இல் தொடங்கிய 'ஹிந்து' பத்திரிகை டிசம்பர் 2-ஆம் தேதி வெளிவரவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. அந்தப் பருவமழையில் தமிழ்நாடு முழுவதிலும் மாண்டவர்கள் நானூறு பேருக்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்களின் தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவது எழுதுகிறவனுக்கு எளிது. அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு அடுத்த வாக்கியம் அவ்வளவு எளிதாக வந்திருக்காது.

இனி அடுத்த காட்சி. நான்கு வருஷம் முடிவதற்குள்ளாகவே அது வந்தது. 2018-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. 2019 ஜூன் மாதத்தில் மேலே சொன்ன நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு போயின. மொத்தம் 11,257 மில்லியன் கன அடி கொள்ளவேண்டிய இடத்தில் வெடித்த சேறுதான் இருந்தது. பட்டணத்துப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்காக நடுநிசியில் காத்துக் கிடந்தார்கள். ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஐம்பது வாகன்கள் கொண்ட ரயில் ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் சுமந்து வந்தது. பட்டணமே அதைக் கண்டு கைகூப்பியது.

நேயர்கள் இங்கே நம்முடன் சேர்ந்து ஒரு சிறு கணக்குப் போடவேண்டும். 25 லட்சம் லிட்டர் என்பது சுமார் 88,000 கன அடி. 2015 டிசம்பர் இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து வெளியேறிய வேகம் வினாடிக்கு 29,000 கன அடி. ஒரு ரயில் நிறையத் தண்ணீர் அந்த மதகுகளைக் கடந்து போவதற்கு ஆன நேரம் எவ்வளவு? மூன்றே வினாடி! 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணுவதற்குள் ஒரு ரயில் தண்ணீர் கடலுக்குப் புறப்பட்டுப் போயிற்று. நான்காவது வருஷம் அதே ஊர் அந்த ஒரு ரயிலுக்காகத் தவம் கிடந்தது.

மதகின் அருகே நிற்பவர் படும் பாடு

இதைப் படித்துவிட்டு, "ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை?" என்று கேட்பது சுலபம். 2015-க்குப் பிறகு அந்தக் கேள்வி எங்கும் எழுந்தது, எழவேண்டியதுதான். ஆனால் மதகின் அருகே நிற்கும் அதிகாரியின் சங்கடத்தையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏரி 22 அடியில் நிற்கிறது. வானம் இருண்டிருக்கிறது. திறந்துவிட்டு, புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டால், வருகிற வைகாசியில் பட்டணம் அவரைச் சபிக்கும். திறக்காமல் இருந்து, புயல் நேரே வந்துவிட்டால், மறுநாளே சபிக்கும். இரண்டு சாபங்களுக்கும் நடுவில் அவருக்கு இருப்பது அந்த இரண்டு அடி இடமும் சில மணி நேரமும்தான்.

அநுபவம் பாடம் கற்பித்தது என்பதையும் சொல்லவேண்டும். 2020 நவம்பர் 25-ஆம் தேதி 'நிவர்' புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஏரி 22 அடியை எட்டியதுமே பகலிலேயே எச்சரிக்கை செய்து வினாடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள். பிறகு படிப்படியாக 9,000 வரை உயர்த்தினார்கள். நீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்குகிறவன் முதலில் கொஞ்சம் கொட்டிவிட்டுத் தூக்குவதுபோல, வரப்போகும் வெள்ளத்துக்கு முன்னதாகவே இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். இது நல்ல யோசனை. எனினும் ஒவ்வொரு வருஷமும் தண்ணீரைக் கொட்டித்தான் உயிர் பிழைக்க வேண்டுமென்றால், கோடைக்கு என்ன செய்வது?

ராமர் காத்த ஏரி

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதல்ல; நம் முன்னோர்களுக்கும் இருந்தது. அவர்கள் ஒரே பெரிய பாத்திரத்தை மட்டும் நம்பவில்லை. மேலிருந்து கீழாக ஏரிகளைச் சங்கிலிபோல் கோத்தார்கள். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு; அது நிறைந்தால் அதற்கும் கீழே; கடைசி ஏரியும் வழிந்தால்தான் ஆற்றுக்கு. பெரு மழை நூறு இடங்களில் தங்கி இளைப்பாறி, வேகம் தணிந்து, மெல்ல நடந்து வந்தது. செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரிகளின் நாடு என்று பெயர் வந்தது அதனால்தான்.

பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் வெட்டுவித்த வீரநாராயணன் ஏரியை இன்று வீராணம் என்கிறோம். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாற்றின் வழியே அதற்கு வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் வெட்டிய அந்த ஏரியிலிருந்து 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டு வருகிறோம். அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விவரத்தைக் கூறுகின்றன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஊரார் தனியாக ஆட்களை நியமித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் கரை உடைந்தால், "யாரைக் கேட்பது?" என்று அந்த ஊரில் யாரும் திகைத்திருக்க மாட்டார்கள்.

மதுராந்தகத்துக் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர். பெரு மழையில் ஏரிக்கரை அடிக்கடி உடைந்துகொண்டிருந்ததாம். ஒரு மழை இரவில் கரை தாங்குமோ தாங்காதோ என்று கவலையோடு பார்க்கப் போன துரை, வில்லேந்திய இரு இளைஞர்கள் கரையைக் காவல் செய்வதைக் கண்டாராம். கரை அன்று உடையவில்லை. இன்றும் அந்தக் கோவிலில் எழுந்தருளியிருப்பவர் 'ஏரி காத்த ராமர்'. பக்தர்கள் இந்தக் கதையில் ராமபிரானின் கருணையைக் காண்கிறார்கள். நாம் அதனுடன் இன்னும் ஒன்றையும் காண்கிறோம். கொட்டும் மழையில், நடு இரவில், பொறுப்புள்ள ஒரு மனிதர் கரைமேல் நடந்து பார்த்தார். தெய்வ தரிசனம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

நம் காலத்துக்குச் சற்று முந்திய இன்னொரு ஞாபகமும் உண்டு. சென்னை நகரின் மேயராக இருந்தபோது தீரர் சத்தியமூர்த்தி, பட்டணத்தின் தாகத்தைத் தீர்க்கக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டவேண்டுமென்று பாடுபட்டார். 1940-இல் வேலை தொடங்கியது. 1944-இல் முடிந்தபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1943-இலேயே மறைந்துவிட்டார். 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் அந்தத் தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர், தேசத்து ஜனங்களின் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்தார். இரண்டும் ஒரே தொண்டின் இரண்டு பக்கங்கள் அல்லவா?

நம் பங்கு என்ன?

அந்தச் சங்கிலிக்கு இன்று என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ சிற்றேரிகள் பெயரளவில் மட்டுமே இருக்கின்றன. தெருப் பெயரில் 'ஏரிக்கரை' இருக்கிறது, ஏரியைக் காணோம். வரத்துக் கால்களில் வீடுகள் எழுந்துவிட்டன. போக்குக் கால்களில் குப்பை அடைத்துக் கிடக்கிறது. மேலே தங்கிவந்த மழை இப்போது தங்குமிடம் இல்லாமல் ஒரே ஓட்டமாகப் பெரிய ஏரிக்கு ஓடி வருகிறது. பெரிய ஏரியிலோ வண்டல் படிந்திருக்கிறது. ஒரு சதுர மைல் பரப்பில் ஓர் அடி வண்டல் படிந்தால், சுமார் 28 மில்லியன் கன அடித் தண்ணீருக்கு இடம் போயிற்று என்று அர்த்தம். ரயில் கணக்கில் சொன்னால், முந்நூறு ரயில்களுக்கும் மேலே!

இதிலிருந்தே பரிகாரமும் விளங்குகிறது. தூர் எடுத்து ஏரியை ஆழமாக்கினால், வெள்ளம் வரும்போது இடம் இருக்கும். கோடை வரும்போது தண்ணீர் இருக்கும். மேலுள்ள சிற்றேரிகளை மீட்டால், கார்த்திகை மழை மெதுவாக வரும். மதகின் அருகே நிற்பவருக்கு ஆறு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். போக்குக் காலைத் திறந்து வைத்தால், விட்டே ஆகவேண்டிய நீர் வீட்டுக்குள் நுழையாமல் கடலுக்குப் போகும். வெள்ளத்துக்கு ஒரு மருந்து, வறட்சிக்கு ஒரு மருந்து என்று தேடவேண்டியதில்லை. இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே. முன்பு ஊர் கூடிச் செய்த குடிமராமத்தை 2017-இல் சர்க்கார் மீண்டும் உயிர்ப்பித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் 'குடி' என்ற சொல் முன்னால் நிற்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. ஊரார் கண் வைக்காத வேலை ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

அடுத்த ஐப்பசியில் தாத்தா மறுபடியும் பத்திரிகையை விரிப்பார்; பட்டியலை வாசிப்பார். அப்போது பேரப்பிள்ளைகள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். "நம் பேட்டைக்கு மேலே இருந்த சிற்றேரி இன்னும் இருக்கிறதா, தாத்தா? அதன் கலங்கலிலிருந்து தண்ணீர் எந்த வழியாகப் போகும்? அந்த வழியில் நம் வீடு இருக்கிறதா?"

தாத்தாவுக்குப் பதில் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மதுராந்தகத்துத் துரை மழை நிற்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.